மலை ஏறுவோன் மூட்டை

விடுமுறை நெருங்கியதும் மலைநாட்டுப் பயணத்தைப் பற்றிய பேச்சு வீடுகளில் எழுகின்றது. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்த இளைஞர் சிலர், சிவனொளிபாத மலைக்கோ ஹோட்டன் சமவெளிக்கோ நக்கிள்ஸ் மலைத்தொடருக்கோ செல்லத் திட்டமிடுகின்றனர். பயணச் செலவு கணக்கிடப்படுகின்றது. உணவுச் செலவு கணக்கிடப்படுகின்றது. ஈற்றில், எவ்வெப் பொருள்களை வாங்குவது என்ற கேள்வி பிறக்கின்றது. கடைகளிற் காணப்படுவனவோ பலப்பல. கையிலுள்ள பணமோ சிறிது. தந்தை கடன்பட்டு வாங்கிக்கொடுத்த சப்பாத்து முதல் நாளிலேயே மகனின் குதிகாலைப் புண்ணாக்கி அவனை நடுவழியில் இருத்திவிடுவதுமுண்டு. பார்ப்போர் மெச்சிய மேலாடை மலையுச்சியில் அவனை நடுங்க விடுவதுமுண்டு. ஆதலால், மலைக்கு எதைக் கொண்டு செல்வது என்று கேட்குமுன், மலை மனிதனுக்கு என்ன செய்யும் என்று கேட்டறிதல் வேண்டும்.

இலங்கை வெப்ப நாடு. இங்கே குளிரால் யாருக்கு என்ன தீங்கு நேரும் என்ற எண்ணமே பயணியின் முதற் பகையாகும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. சிவனொளிபாத மலையின் உயரம் 2243 மீற்றர். எனவே, கரையோரத்தில் 25 பாகையாயிருக்கும் இரவில், அம்மலையின் உச்சியில் 10 பாகை அளவே இருக்கும். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் தை, மாசி மாதங்களின் சில விடியற்காலைகளிற் புல்லின்மீது உறைபனி படிவதும் உண்டு.

எனினும், குளிர் தனித்து வந்தாற் பெரிதன்று. ஈரமும் காற்றும் அதற்குத் துணையாக வரும்போதே அபாயம் தொடங்குகின்றது. நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திவிடும். நனைந்த உடையோடு காற்றில் நிற்பவனுக்கு, நீர் உறைவதற்கு வெகு தொலைவிலுள்ள குளிரிலேயே உடல் வெப்பம் தாழ்ந்துவிடலாம். முதலில் நடுக்கம் தோன்றும், பின்னர் நாக்குழறும், கால் தடுமாறும், அறிவு மயங்கும். இந்நிலையில் நடுக்கம் நின்றதைக் கண்டு, குணமாகிவிட்டது என்று தோழர்கள் மகிழ்வது பெருந்தவறு. வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றலை உடல் இழந்துவிட்டதற்கு அது அறிகுறியாகவும் இருக்கலாம். மலைப்பயணத்துக்கென வாங்கும் பொருள்கள் அனைத்தையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பார்த்தல் தகும்: இப்பொருள் உடலை உலர்ந்த நிலையில் வைத்திருக்க உதவுமா?

மழை மாத்திரந்தான் உடலை நனைக்கும் என்பதில்லை. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இரவிரவாக ஏறும் அடியார்களைக் கவனித்தால் இது விளங்கும். ஏறும்போது ஒருவருக்கும் குளிர் தெரிவதில்லை. பருத்திச் சட்டை வியர்வையால் முற்றாக நனைந்துவிடுகின்றது. உச்சியை அடைந்து, சூரியோதயத்துக்காகக் காற்றில் ஒரு மணி நேரம் காத்திருக்கும்போதே அந்த ஈரச் சட்டை பனிக்கட்டிபோலாகின்றது. பருத்தி நமது தாழ்நிலத்துக்கு வாய்த்த அருமையான ஆடை. அது நீரை உறிஞ்சி நெடுநேரம் வைத்திருந்து உடலைக் குளிர்விக்கின்றது. வெயிலில் எது அதன் குணமோ, அதுவே மலையில் அதன் குற்றமாகிவிடுகின்றது. எனவே, உடலோடு ஒட்டிய உள்ளாடை விரைவில் உலரும் செயற்கை இழையாலோ மெல்லிய கம்பளியாலோ ஆனதாயிருத்தல் நன்று. அதற்கு மேலே கம்பளி மேலாடை ஒன்று. அதற்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் அங்கி ஒன்று. ஒரு தடித்த ஆடையைவிட இம்மூன்று அடுக்குகள் மேலானவை. ஏறும்போது கழற்றலாம், நிற்கும்போது அணியலாம். வியர்க்குமுன் கழற்றுவதும், குளிருமுன் அணிவதுமே இதன் இரகசியம்.

கம்பளியின் அருமையை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக அறிவர். நனைந்த பின்னரும் ஓரளவு வெப்பத்தைக் காத்துத்தரும் இயல்பு கம்பளிக்கு உண்டு. மழையிலும் மூடுபனியிலும் வேலை செய்த அம்மக்கள் கம்பளியைத் தலைமேற் போர்த்து, இடுப்பிலே படங்கு கட்டிக்கொண்டு மலை ஏறினர். அந்தக் கம்பளியின் விலையும் அவர்களுடைய கடன் கணக்கில் ஏறியதுண்டு என்பதை மறத்தலாகாது. அவர்கள் மழையில் நின்றது உல்லாசத்துக்காக அன்று, வயிற்றுக்காக. ஆயினும், அவர்கள் பட்டறிந்த உண்மையை உல்லாசப் பயணியும் கற்றுக்கொள்வானாயின் அவனுக்கு நன்மையே.

இதே உண்மைக்கு எவரெஸ்ட் மலையிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1924ஆம் ஆண்டில் அம்மலையில் மறைந்துபோன ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டது. அவர் பட்டு, பருத்தி, கம்பளி ஆகிய மெல்லிய ஆடைகளைப் பல அடுக்குகளாக அணிந்து, அவற்றின்மேற் காற்றுப் புகாத நெருக்கமான நெசவுத்துணி அங்கியை அணிந்திருந்தார். அவ்வாடைகளைப் போலவே புதிதாகச் செய்து 2006ஆம் ஆண்டில் அம்மலையிலேயே அணிந்து பார்த்தபோது, அவை பாரமற்றனவாகவும் உடலுக்கு இசைவானவையாகவும் காணப்பட்டன. ஆடையின் வெற்றி புதுமையில் மட்டும் இல்லை. அடுக்கும் முறையிலும் இருக்கின்றது.

மழையங்கியைத் தேரும்போது ஒரு சிக்கல் எழும். 1823ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சாள்ஸ் மக்கின்ரோஷ் என்பவர் இரு துணிகளுக்கிடையே இறப்பரை வைத்து நீர்புகாத் துணி செய்ய உரிமை பெற்றார். மழை உள்ளே புகவில்லை. ஆனால் வியர்வையும் வெளியே போகவில்லை. 1969ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட நுண்துளைப் படலம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. நீர்த்துளி புக முடியாத அத்துளைகளினூடே நீராவி வெளியேறும். அத்தகைய அங்கி விலை மிக்கது. அதனை வாங்க இயலாதவர், அக்குளிலும் கழுத்திலும் திறப்புள்ள சாதாரண அங்கியைக் கொள்ளலாம். தோளையும் மூட்டையையும் ஒருங்கே மூடும் தளர்ந்த மழைப்போர்வையும் போதியது. ஆனால் காற்று மிகுந்த முகடுகளில் அது படபடத்து வழியை மறைக்கும். குடையை அங்கே நம்புதல் வீண்.

எந்த மாதத்தில் எந்தச் சரிவுக்குச் செல்வது என்பதும் மூட்டையைத் தீர்மானிக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, ஹற்றன், மஸ்கெலியா முதலிய மேற்குச் சரிவுகளிற் பெருமழை பொழிகின்றது. அதே காலத்தில் பண்டாரவளை, எல்ல முதலிய ஊவாப் பகுதிகளில் மழை குறைந்து உலர்ந்த காற்று வீசும். மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளை நனைக்கும். சித்திரையில் காலை வானம் தெளிந்திருந்தாலும் பிற்பகலில் இடியும் மின்னலும் எழுவது வழக்கம். ஆதலால், அம்மாதத்தில் நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடுதல் எந்த அங்கியையும்விடச் சிறந்த பாதுகாப்பாகும்.

இனிக் காலைப் பற்றிய கவனம். சப்பாத்தை மாலை வேளையில் வாங்குதல் நன்று. பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். மலையில் அணியவிருக்கும் அதே தடித்த காலுறையை அணிந்து அளவு பார்த்தல் வேண்டும். இறங்கும்போது விரல்கள் முன்பக்கத்தில் மோதாதிருக்கப் பெருவிரல் அகல இடைவெளி தேவை. அடித்தோலில் ஆழ்ந்த வெட்டுகள் இல்லாத சப்பாத்து, ஈரப்பாறையில் வழுக்கி வீழ்த்திவிடும். வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், பயணத்துக்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் நாள்தோறும் அணிந்து நடந்து பழக்குதல் அவசியம். பழகிய பழைய சப்பாத்து, பழகாத புதியதைவிட மேல்.

அட்டைக் கடிக்கு அஞ்சுவோர் பலர். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை நீண்ட உறை ஒன்றைத் தைத்து, காற்சட்டையின் நுனியை அதனுள் விட்டுக் கட்டினால் அட்டை எளிதில் உட்புகாது. அந்த உறையின்மீது ஈரமான சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள்வதும் பயன் தரும். இதற்கெனப் பெரும்பணம் செலவிட வேண்டியதில்லை; வீட்டுத் தையல் இயந்திரமே போதும்.

காலணியை வாங்குவதோடு கருமம் முடிவதில்லை. அதனைப் பேணுதலும் வேண்டும். 1953ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் எவரெஸ்டின் உச்சியை அடைவதற்கு முந்திய இரவில், எட்மண்ட் ஹிலரி தம் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். விடியும்போது அது கல்லாக உறைந்திருந்தது. அடுப்பில் வாட்டி இளக்குவதற்கு இரண்டு மணி நேரம் சென்றது. டென்சிங் நோர்கேயோ தம் சப்பாத்தைக் கழற்றாமலே படுத்திருந்தார். நம் மலைகளில் சப்பாத்து உறையாது. ஆனால் கூடாரத்தின் வெளியே விட்ட சப்பாத்து மழையில் நிறையும். அதனுள் அட்டையும் பூச்சியும் குடிபுகும்.

கூடாரத்தில் இரவைக் கழிப்போர் கூரையைப் பார்த்து வாங்குவர், தரையை மறந்துவிடுவர். படுத்திருப்பவனின் உடல் வெப்பத்தை ஈர நிலம் கீழிருந்து உறிஞ்சும். உறக்கப்பையின் அடிப்பாகம் உடற்பாரத்தால் நசுங்குவதால் அது மாத்திரம் போதாது. அதன் கீழே காற்றைத் தன்னுள் அடக்கிய தடித்த விரிப்பொன்று வேண்டும். பறவைத் தூவி அடைத்த உறக்கப்பை இலேசானது. ஆனால் நனைந்தால் பயன் குன்றிவிடும். நம் ஈர மலைகளுக்குச் செயற்கை இழை அடைத்ததே ஏற்றது; விலையும் குறைவு. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் மூச்சின் ஈரம் உள்ளே துளித்துச் சொட்டும். இரட்டைத் துணியும், எதிரெதிரே காற்றுவழியும் உள்ளதே தக்கது. ஓடைக் கரையிலும் பள்ளத்திலும் கூடாரம் அடித்தலாகாது. மேலே பெய்த மழை இரவிலே சத்தமின்றி வந்து சேரும்.

கூடாரம் அடிக்குமுன் அனுமதி பெறுதலும் கடன். ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய வனம். அங்கே குறித்த இடங்களில் மட்டுமே, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு தங்கலாம். பொலித்தீன் உறைகளை உள்ளே கொண்டுசெல்ல இடமில்லை. அச்சமவெளியையும், சிவனொளிபாத மலை வனத்தையும், நக்கிள்ஸ் வனத்தையும் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. காய்ந்த புல்லில் விழும் ஒரு தீப்பொறி அம்மரபுரிமையை அழிக்கும். ஆதலால் விறகுத் தீயைத் தவிர்த்து, அனுமதியுள்ள இடத்திற் சிறிய அடுப்பைப் பயன்படுத்துவதே முறை. 2000 மீற்றர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். பருப்பும் அரிசியும் வேக நேரமெடுக்கும். அவல், எள்ளுருண்டை, பனங்கட்டி போன்றவை அடுப்பையும் வேண்டா; பாரமும் இல்லை. ஓடை நீரை அவ்வுயரத்தில் மூன்று நிமிடமாவது கொதிக்கவைத்தே அருந்தல் வேண்டும்.

மூட்டையின் மொத்தப் பாரம், சுமப்பவனின் உடற்பாரத்தில் ஐந்திலொரு பங்கை விஞ்சாதிருத்தல் நன்று. இடுப்புப் பட்டியுள்ள முதுகுப்பை பாரத்தின் பெரும்பங்கைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும். பாரமான பொருள்கள் முதுகை ஒட்டியிருக்க வேண்டும். நெற்றியிற் கட்டும் மின்விளக்கு, மேலதிகப் பற்றரி, ஊதுகுழல், காயத்துக்குக் கட்டும் துணி, மருந்து ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். இவையெல்லாவற்றிலும் தலையாயது ஒன்றுண்டு. ஒரு முழுச் சோடி உலர்ந்த உடையும் காலுறையும், நீர்புகாத, மீண்டும் பயன்படுத்தத்தக்க பையிற் கட்டி, மூட்டையின் அடியில் வைக்கப்பட வேண்டும். நாள் முழுவதும் நனைந்தாலும் அதனைத் தொடலாகாது. இரவில் உறங்கும்போதே அதனை அணிய வேண்டும். காலையில் மீண்டும் ஈர உடையையே உடுத்திக்கொண்டு நடக்க வேண்டும். இது கடினமாகத் தோன்றலாம். ஆனால் அந்த உலர்ந்த சோடியே இரவில் உயிர்காக்கும் சேமிப்பு.

பணம் குறைந்தவர் எதை முதலில் வாங்குவது? முதலிற் காலுக்குப் பொருந்திய சப்பாத்து, அடுத்து மழையங்கி, அதன்பின் கம்பளி மேலாடை. கூடாரத்தையும் அடுப்பையும் பலர் கூடி வாங்கலாம், இரவலும் பெறலாம். பிறருடைய சப்பாத்தை மட்டும் இரவல் பெறலாகாது.

மாணவர் குழுவை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் மூத்தோருக்கும் ஒரு பொறுப்பு எஞ்சியுள்ளது. புறப்படுவதற்கு முந்திய மாலையில் ஒவ்வொருவனுடைய மூட்டையையும் திறந்து பார்த்தல் வேண்டும். கம்பளி இல்லாத பிள்ளை, இல்லை என்று வாய்திறந்து சொல்லமாட்டான். தோழர்முன் வெட்கப்பட்டு மெல்லிய சட்டையோடு மலை ஏறுவான்; நடுக்கத்தையும் மறைப்பான். எனவே, இரண்டு மூன்று கம்பளிகளும் ஓர் அங்கியும் குழுவின் பொதுச் சொத்தாகச் செல்லட்டும். அவை யாருக்கென்று பெயர் குறிக்க வேண்டா. எல்லோரிலும் குறைந்த ஆடையுள்ளவன் எவ்வளவு குளிரைத் தாங்குவானோ, அவ்வளவே அந்தக் குழு முழுவதும் தாங்கக்கூடிய குளிராகும். அவனுக்கு உரியதைக் கட்டி முடித்த பின்னரே மூட்டை கட்டும் வேலை நிறைவெய்தியது எனலாம்.