வயிறு நிறையும் உருளைக்கிழங்கு சூப்



இன்று சமையலைப் பற்றிப் பேசப் போகிறேன். "எங்களுக்கே சமையல் சொல்லித் தருகிறீர்களா?" என்று தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு கேள்வி. உருளைக்கிழங்கை நறுக்கி வேகவைத்த தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?

கீழே கொட்டுகிறோம். அப்படித்தானே? கிழங்கின் சத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய சத்தை நாமே கீழே ஊற்றலாமா?

சூப் வைத்தால் அந்தத் தண்ணீர் வீணாகாது. உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட சூப், பிரான்சு நாட்டில் சாதாரண வீடுகளில் வைப்பது. லூயி தியா என்ற சமையல்காரர் அந்த நாட்டில் பிறந்தவர். சிறு வயதில் அம்மா வைத்த சூப் சூடாக இருந்தால், அதில் குளிர்ந்த பாலை ஊற்றிக் குடிப்பாராம். அந்த நினைவில், 1917-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஒரு பெரிய ஹோட்டலில் அதையே குளிர்ந்த சூப்பாகச் செய்தார். அது உலகம் முழுவதும் பேர் பெற்றது. அம்மாவின் அடுப்பில் பிறந்த சூப் அது. வீட்டுச் சமையல் தாழ்ந்தது அல்ல.

லீக்ஸ் என்பது வெங்காயத்துக்கு உறவு. பெரிய வெங்காயத்தாள் போல இருக்கும். நம் நாட்டில் நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளில் விளைகிறது. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஒரு கட்டு வெங்காயத்தாளும் ஒரு பெரிய வெங்காயமும் போதும்.

நான்கு பேருக்கு வேண்டியவை:

உருளைக்கிழங்கு - அரை கிலோ
லீக்ஸ் - 2
எண்ணெய் அல்லது வெண்ணெய் - 2 தேக்கரண்டி
தண்ணீர் - 4 தம்ளர்
காய்ச்சிய பால் - 1 தம்ளர்
உப்பு, மிளகுத்தூள் - தேவையான அளவு

முதலில் கிழங்கைப் பாருங்கள். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். அதில் நஞ்சு சேரும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்று வலியும் வரும். கொஞ்சம் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியுங்கள். முளையையும் தோண்டி எடுங்கள். நிறையப் பச்சை இருந்தாலோ, கசந்தாலோ, கிழங்கையே எறிந்துவிடுங்கள். காசு போனால் போகட்டும். கிழங்கை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

அடுத்தது லீக்ஸ். அதன் தண்டு வெள்ளையாக இருக்க, சுற்றிலும் மண் அணைத்து வளர்ப்பார்கள். அதனால் மடிப்புகளுக்குள் மண் இருக்கும். நீளமாகப் பிளந்து, மடல்களை விரித்துக் கழுவுங்கள். பிறகு நறுக்குங்கள். முற்றிய பச்சை இலை நுனி வேண்டாம்.

இனி அடுப்பை ஏற்றலாம். எண்ணெயில் லீக்ஸைச் சிறு தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். கருகக் கூடாது. தோல் சீவி நறுக்கிய கிழங்கைப் போடுங்கள். தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடி வையுங்கள். சுமார் 20 நிமிடத்தில் கிழங்கு குழையும். தண்ணீரை வடிக்காமல் மத்தால் கடையுங்கள். பாலை ஊற்றி ஒரு சூடு காட்டி இறக்குங்கள். மிளகுத்தூள் தூவுங்கள்.

கிழங்கில் மாவுச்சத்து அதிகம், புரதச்சத்து குறைவு. ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்தால் அந்தக் குறையும் ஓரளவு தீரும். பல் இல்லாத தாத்தாவும் குடிக்கலாம். சோறு உண்ணும் குழந்தைக்கு மிளகைக் குறைத்து, ஆறவைத்துக் கொடுங்கள்.

சகோதரர்களே, இது உங்களுக்கும்தான். இந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்து ஒரு நாள் நீங்களே சூப் வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு இன்னொரு தம்ளர் கேட்பார்கள்.