எரிந்த காட்டில் எலிகள்



இல்லறத்தார் விலக்கத்தக்கன எனச் சமண நூல்கள் 15 தொழில்களை எண்ணிச் சொல்லும். காட்டுக்குத் தீயிடுதல் அவற்றுள் ஒன்று. நஞ்சு விற்றல் மற்றொன்று. தீயும் நஞ்சும் அடுத்தடுத்துப் புகுந்த காடுகள் அமெரிக்காவின் வடமேற்கில் உண்டு.

அங்கே, ஆரெகன் மாநிலத்து டில்லமுக் மலைக்காட்டில், 1933 ஆகஸ்டில் மரம் வெட்டும் களமொன்றில் தீப்பற்றியது. வேண்டுமென்று இட்ட தீ அன்று. ஆயினும் ஏறத்தாழ 2,40,000 ஏக்கர் கரிந்தது. 1939, 1945, 1951 ஆம் ஆண்டுகளிலும் அப்பகுதி எரிந்தது. 1949 முதல் அரசு மறுநடவை மேற்கொண்டது. பள்ளிச் சிறுவரும் நாற்று நட்டனர். ஹெலிகாப்டர்கள் விதை தூவின.

தூவிய விதையைத் தேடி உண்பது மான் எலி. மானைப்போல் மேலே பழுப்பும் வயிற்றில் வெண்மையும் கொண்ட, 20 கிராம் அளவே எடையுள்ள சுண்டெலி அது. பெருந்தீயில் அது மாளவில்லையா? மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சில அங்குல ஆழத்து வளையில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மாண்டவற்றின் இடத்திற்கு அயலிலிருந்து வேறு வந்து சேரும். நிழலற்ற வெளி அதற்கு இடரன்று. விதையும் பூச்சியும் கிடைத்தால் போதும். எரிந்த நிலத்தில் அதன் தொகை முன்னிலும் பெருகுவதே வழக்கம்.

அந்நாளைய வனத்துறையினர் அவ்வட்டாரத்தில் கண்ட வழி நஞ்சு. நஞ்சு கலந்த தானியத்தைத் தூவினர். என்ட்ரின் என்னும் பூச்சிக்கொல்லி பூசிய விதைகளையும் தூவினர். ஓரறிவுயிராகிய மரத்தை வளர்க்க ஐம்பொறி உயிரைக் கொன்றனர். கொன்றும் பயன் நிலைக்கவில்லை. வெற்றிடத்தில் சுற்றுப்புறத்து எலிகள் விரைவில் குடியேறின. என்ட்ரினோ மீனுக்கும் பறவைக்கும் கொடியது. பின்னாளில் விதைதூவல் அருகி, நாற்றங்காலில் வளர்ந்த கன்றுகளை நடுவதே முறையாயிற்று. விதையை நாடும் மான் எலி கன்றை அவ்வளவாகத் தீண்டாது. கொல்லாமலே முடிந்திருக்கக்கூடிய காரியம்!

அக்காடுகளில் வேறோர் எலியும் உண்டு. முதுகு செந்நிறமானது. முதிர்ந்த காட்டின் நிழலையும், விழுந்து மட்கும் அடிமரங்களையும் நம்பி வாழ்வது. நிலத்தடிக் காளானே அதன் முதன்மை உணவு. மண்ணுக்குள் முதிரும் அக்காளானின் வித்துகளைக் காற்று கொண்டுசெல்ல இயலாது. உண்ட எலியின் எச்சமே பரப்பும். காளான் இழைகள் மரவேரோடு பிணைந்து நீரும் கனிமச் சத்தும் ஊட்டுகின்றன. மரம் தான் ஆக்கிய சர்க்கரையைத் திருப்பித் தருகிறது. மேசர், டிராப், நஸ்பாம் என்னும் ஆய்வாளர் மூவர் 1978இல் ஆரெகன் காடுகளை முன்வைத்து இத்தொடர்பை விளக்கி எழுதினர். பகையெனக் கருதப்பட்ட மான் எலியும் இவ்வித்துகளைச் சுமப்பதுண்டு.

செம்முதுகு எலி, கன்று நட்டவுடன் திரும்பி வருவதில்லை. நிழல் அடர வேண்டும். தரையில் ஈரம் காக்கும் கட்டைகள் கிடக்க வேண்டும். கரிந்த மரங்களை முற்றும் இழுத்துச்சென்று விற்றுவிட்டு, துடைத்த நிலத்தில் வரிசையாக நடுவது கண்ணுக்கு அழகுதான். எலிக்கு ஒதுங்க ஒரு கட்டையில்லை. பெரிய வெட்டுப்பரப்புகளில் ஏக்கருக்கு இரண்டு விழுந்த கட்டைகளையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று ஆரெகன் சட்டம் பின்னர் விதித்தது. இரண்டு என்பது குறைவே. ஆயினும் அது எலியின் பங்கு என ஒதுக்கப்பட்டது.