கம்பிக்கு இப்புறம்



புதுவை நகரில் புலி இல்லை. ஆயினும் உலகின் பல மொழி வாசகர்கள் புதுவையை ஒரு புலியின் ஊராகவே அறிந்திருக்கின்றனர். கனடிய எழுத்தாளர் யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ என்னும் புதினம், இந்நகரின் தாவரவியல் பூங்காவில் ஒரு விலங்கினக் காட்சிசாலையைக் கற்பனையால் அமைத்தது. 1826இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய பூங்கா அது. 2012இல் ஆங் லீ அப்புதினத்தைத் திரைப்படமாக்கியபோது புதுவையின் தெருக்களும் திரையில் இடம்பெற்றன. புலியோ, பெரும்பாலான காட்சிகளில் கணினியால் உருவாக்கப்பட்டது.

அப்புதினத்தில் ஒரு செய்தி உண்டு. காட்சிசாலையிலேயே மிகக் கொடிய விலங்கு எது என்று ஓர் அறிவிப்புப் பலகை வினவுகிறது. விடை காணத் திரையை விலக்குவோர் அங்கே ஒரு கண்ணாடியைக் காண்கின்றனர். புலியைப் பற்றிய பேச்சு பார்வையாளரைப் பற்றிய பேச்சாக மாறுவது இவ்விடத்தில்தான்.

சங்கப் புலவர்க்குப் புலி காட்சிப் பொருளன்று. வேங்கை என்னும் ஒரே சொல் மரத்துக்கும் விலங்குக்கும் பெயராயிற்று. வேங்கைப்பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டியாய்த் தோன்றும் காட்சியைக் குறுந்தொகை காட்டுகிறது. இடப்புறம் வீழ்ந்த இரையைப் புலி உண்ணாது என்ற நம்பிக்கையைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. அச்சமும் மதிப்பும் கலந்த ஒரு தொலைவு அங்கே இருந்தது. அத்தொலைவிலிருந்தே அவ்வளவு நுட்பமாக நோக்கினர்.

காட்சிசாலை அச்சத்தை நீக்கியது. மதிப்பு உடன் போயிற்று. 1855இல் சென்னையில் தொடங்கிய காட்சிசாலை, 1985இல் வண்டலூருக்குப் பெயர்ந்தபோது, கம்பிக் கூண்டுகளின் இடத்தை அகழி சூழ்ந்த பரந்த வெளிகள் பெற்றன. விலங்குக்கு இடம் விரிந்தது. பார்வையாளரின் மனம் அவ்வாறு விரிந்ததா? புலி பகலின் பெரும்பகுதியை உறங்கிக் கழிக்கும் விலங்கு. அதன் உறக்கம் நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு ஏமாற்றமாகிறது. சீட்டி அடிக்கிறார், கூவுகிறார், கல்லும் எறிகிறார். காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதையும், அதற்கு உணவிடுவதையும், கூச்சலிட்டு அதன் அமைதியைக் குலைப்பதையும் தடைசெய்யும் பிரிவு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்டது. கண்ணியத்தைச் சட்டம் எழுதிக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

2014 செப்டம்பர் 23ஆம் நாள் தில்லி விலங்கியல் பூங்காவில் இளைஞர் ஒருவர் வெண்புலியின் அடைப்பினுள் வீழ்ந்தார். சுவரோரம் ஒடுங்கியிருந்த அவரைப் புலி சில நிமிடங்கள் நோக்கியவாறு நின்றது. மேலே நின்றோரில் சிலர் கூச்சலிட்டனர். சிலர் கல்லெறிந்து புலியை விரட்ட முயன்றனர். சிலர் கைப்பேசியில் படம்பிடித்தனர். இறுதியில் புலி அவரைக் கவ்வி இழுத்துச் சென்றது. அவர் உயிரிழந்தார். ஓர் உயிரின் கடைசிக் கணமும் அங்கே காட்சியாகிவிட்டது.

இதற்கு மறுபுறம், தொட்டுத் தடவும் நெருக்கம். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ‘புலிக்கோயில்’ என்று பெயர்பெற்ற விகாரையில் பயணிகள் பணம் கொடுத்துப் புலியருகே அமர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். 2016இல் அதிகாரிகள் அங்கிருந்து 137 புலிகளை அகற்றினர். உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்களையும் கண்டெடுத்தனர். கல்லெறிதலும் தடவுதலும் வேறு வேறல்ல. இரண்டிலும் மனிதன் தனக்கு ஒரு மறுமொழியை வேண்டுகிறான்.

கவிஞர்க்கும் இவ்வேட்கை உண்டு. புதுவையில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார், பின்னர்க் கடையத்தில் இருந்த காலத்தில் திருவனந்தபுரம் காட்சிசாலைக்குச் சென்று சிங்கத்தைத் தொட்டுப் பேசியதைச் செல்லம்மா பாரதி நினைவுகூர்ந்துள்ளார். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானைக்குப் பழம் கொடுக்கச் சென்றபோது அது அவரைத் தள்ளி வீழ்த்தியது, குவளைக்கண்ணன் காப்பாற்றினார். அக்காயத்திலிருந்து தேறியவர், அதே ஆண்டு செப்டம்பரில் வயிற்றுநோயால் மறைந்தார். எல்லா உயிரையும் தம் இனமாக எண்ணிய நெஞ்சு அது. அதன் தூய்மையில் ஐயமில்லை. ஆயினும் சங்கிலியில் நிற்கும் யானை அவ்வன்பைத் தன் மொழியில் ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேரன்பும் விலங்கின் உரிமையை மாற்றிவிடாது.

கூண்டுப்புலி நம் கவிதையில் பன்முறை வந்திருக்கிறது. பெரும்பாலும் அது அடிமைப்பட்ட மனிதனின் உருவகம். வேலையற்ற இளைஞனும், வீட்டில் அடைபட்ட பெண்ணும் அதன் வரிகளை உடுத்திக்கொள்கின்றனர். அத்துயரங்கள் மெய்யானவை, அவற்றைப் பாடுதல் கடமை. ஆனால், உருவகம் முடிந்தபின்பும் புலி கூண்டிலேயே இருக்கிறது. ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இல்லை என்கிறது அறிவியல். அந்த ஒரு புலியை, அதன் ஓயாத நடையை, எதனையும் குறிக்காத அதன் உறக்கத்தை நோக்கிப் பாடியவர் எத்தனை பேர்?

மறுமொழி வேண்டாத பார்வையே பண்பட்ட பார்வை. உறங்கும் புலியை எழுப்பாமல் பார்த்துத் திரும்பும் ஒருவர், அன்று காட்சிசாலையில் எதையும் இழந்தவரல்லர். அத்தகைய பார்வையை வளர்ப்பது கவிதையின் பணி. கவிதை வளர்க்கும் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணியும் அதுவே ஆகுக.