காலி வீடுகளுக்குக் காவல்



அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கும் நகரம் நியூ ஓர்லியன்ஸ். 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்த ஊரின் கிழக்குப் பக்கத் தெருக்களில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பெரிய பெருக்கல் குறி இருந்தது. ஸ்பிரே பெயிண்டால் போட்ட குறி. அதன் மேல் மூலையில் தேதி. இடது மூலையில் தேடிவந்த குழுவின் பெயர். வலது மூலையில், உள்ளே ஆபத்து ஏதேனும் உண்டா என்ற குறிப்பு. கீழ் மூலையில் ஓர் எண். உள்ளே எத்தனை பேரைக் கண்டார்கள், உயிரோடா பிணமாகவா என்பதைச் சொல்லும் எண் அது.

முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி வந்த கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து, நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. நாலரை லட்சம் பேர் இருந்த ஊரில் ஓராண்டு கழித்தும் பாதிப் பேர்தான் திரும்பியிருந்தார்கள். மற்றவர்களின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. சுவரை இடித்துத் தாமிரக் குழாய்களை உருவிக்கொண்டு போகும் திருடர்களுக்கு அது வேட்டைக்காடு.

ஜூன் 17-ஆம் தேதி, சனிக்கிழமை, விடிவதற்கு முன் சென்ட்ரல் சிட்டி என்ற பகுதியில் ஒரு வண்டியில் இருந்த ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஐவரும் பத்தொன்பது வயதைத் தாண்டாதவர்கள். மேயர் ரே நேகின் லூசியானா மாநில ஆளுநரிடம் படை கேட்டார். ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ உடனே 300 நேஷனல் கார்டு வீரர்களையும், மாநிலப் போலீஸார் 60 பேரையும் அனுப்பினார்.

நேஷனல் கார்டு என்பது ஒவ்வொரு மாநிலமும் வைத்திருக்கும் இருப்புப் படை. மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், ஆண்டுக்கு இரண்டு வாரமும் பயிற்சி. மற்ற நாட்களில் அவர்கள் லாரி ஓட்டுகிறவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், நர்சுகள். நம் ஊர்க்காவல் படையை இதோடு ஒப்பிட வேண்டாம். இவர்கள் கையில் ராணுவத் துப்பாக்கி இருக்கும். போர் வந்தால் போர்க்களத்துக்கும் போவார்கள். கத்ரீனா அடித்தபோது லூசியானா மாநில வீரர்களில் சுமார் மூவாயிரம் பேர் ஈராக்கில் இருந்தார்கள்.

கூட்டாட்சி ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1878-இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஆளுநரின் கட்டளையில் இருக்கும்வரை இருப்புப் படையை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அதனால் நியூ ஓர்லியன்ஸில் இறங்கிய வீரர்களால் ஆட்களைக் கைது செய்யவும் முடிந்தது.

அவர்களை எங்கே நிறுத்தினார்கள் என்பதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொலை விழுந்த தெருவில் நிறுத்தவில்லை. வெள்ளம் காலி செய்துவிட்டுப் போன பகுதிகளில், அந்தப் பெருக்கல் குறி போட்ட வீடுகளுக்கு நடுவே, ரோந்து போகச் சொன்னார்கள். அங்கிருந்த போலீஸார் விடுபட்டு, கொலையும் போதைப்பொருள் வியாபாரமும் நடக்கும் இடங்களுக்குப் போனார்கள். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். தெரு விளக்குகூட எரியாத இடத்தில் தன்னந்தனியாக வந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிக்கு, ராத்திரியில் ராணுவ வண்டியின் விளக்கு வெளிச்சம் வாசலில் விழுவது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த வீரர்களும் அந்த மண்ணின் பிள்ளைகள். அவர்களுடைய தலைமையகமான ஜாக்சன் பேரக்ஸே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது.

இனி கணக்கைப் பார்ப்போம். படை வந்த 2006-இல் அந்த ஊரில் நடந்த கொலைகள் 160-க்குச் சற்று மேல். படை ஆண்டு முழுவதும் நின்ற 2007-இல் 209. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டு நாட்டிலேயே மோசமான நகரம் அதுதான். 2009-இன் தொடக்கத்தில் படை வெளியேறியது. அந்த ஆண்டு 174. வந்தபோதும் பெரிதாகக் குறையவில்லை, போனபோதும் பெரிதாகக் கூடவில்லை.

ஏன் என்று கேட்டால், போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்தின் அடித்தளத்தில் வைத்திருந்த சாட்சியப் பொருள்கள் வெள்ளத்தில் ஊறிப்போயின. தடய ஆய்வுக்கூடம் அழிந்தது. போலீஸ் தலைமை அதிகாரிகளே மாதக்கணக்கில் டிரெய்லர் வண்டிகளில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அப்போது லூசியானாவில் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. பெரிய குற்றத்துக்குக் கைதானவர் மீது அறுபது நாளுக்குள் குற்றச்சாட்டுப் பதிவாகாவிட்டால் அவரை வெளியே விட்டுவிட வேண்டியிருந்தது. நியாயமான சட்டம்தான். ஆனால் போலீஸ் அறிக்கை வரவில்லை, ஆய்வு முடிவு வரவில்லை, சாட்சி வரவில்லை. அறுபது நாள் முடிந்ததும் ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். கொலை செய்தால் அறுபது நாள் ஜெயில் என்று ஊரே பேசிக்கொண்டது.

படையை வரவழைத்த அந்த ஐவர் கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைக் கைது செய்தார்கள். கண்ணால் கண்ட சாட்சி ஒரே ஒரு பெண். அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி, 2007 ஜூலையில் மாவட்ட அரசு வழக்கறிஞர் வழக்கையே கைவிட்டார். உடனே போலீஸார் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்! இரண்டு அலுவலகங்களும் ஒரே ஊரில்தான் இருந்தன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. அந்த அரசு வழக்கறிஞர் அக்டோபரில் பதவி விலகினார். வழக்கு மறுபடி நடந்து, 2009-இல் கைதானவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சாட்சியின் பேச்சைப் பதிவு செய்த வீடியோவை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் மறைத்தது தெரியவந்து, அடுத்த ஆண்டே அந்தத் தீர்ப்பு ரத்தானது.

சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுப்பது, வாக்குமூலத்தை ஒழுங்காக எழுதுவது, கோப்பை நேரத்துக்கு அனுப்புவது: இதில் எந்த வேலையை முந்நூறு சிப்பாய்கள் வந்து செய்துவிட முடியும்?

நியூ ஓர்லியன்ஸில் இருப்புப் படையால் பெரிய விபரீதம் நேரவில்லை. எல்லா ஊருக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. 1967 ஜூலையில் டெட்ராய்ட் நகரத்தில் கலவரம். நகரச் சண்டைக்கோ கூட்டத்தைக் கையாளவோ சரியான பயிற்சி இல்லாத இருப்புப் படை வீரர்களை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். ஓர் இரவு, இருட்டில் இருந்த ஒரு வீட்டுக்குள் யாரோ சிகரெட் பற்றவைத்தார்கள். ஜன்னலில் தெரிந்த அந்தப் பொறியைத் துப்பாக்கி வெடித்த வெளிச்சம் என்று வீரர்கள் நினைத்துவிட்டார்கள். இயந்திரத் துப்பாக்கி முழங்கியது. உள்ளே இருந்த நான்கு வயதுச் சிறுமி செத்துப்போனாள். அதே ஊருக்கு வந்த கூட்டாட்சி பாராசூட் படையினரில் பலர் போரைக் கண்டவர்கள். துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றிவிடும்படி அவர்களுடைய தளபதி உத்தரவிட்டார். சுமார் 2,700 பேர் இருந்த அந்தப் படை மொத்தமாகச் சுட்டது 201 குண்டுகள்தான் என்று கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையத்தின் அறிக்கை எழுதியது. கலவரத்தில் மாண்டவர்கள் 43 பேர். வீரனுக்குத் தைரியத்தைவிட நிதானம் முக்கியம். அது மாதம் இரண்டு நாள் பயிற்சியில் தானாக வந்துவிடாது.

2025 ஆகஸ்டில் தலைநகர் வாஷிங்டனிலும் குற்றத்தைத் தடுக்கப் படை வந்தது. குற்ற அவசரநிலை என்று அறிவித்து அதிபர் டிரம்ப் இருப்புப் படையை இறக்கினார். மேயர் படை கேட்கவில்லை. தலைநகரத்தின் இருப்புப் படை ஆளுநர் யாருக்கும் கீழ்ப்பட்டதல்ல. நேரே அதிபரின் கீழ் வருவது. 2023-இல் அந்த ஊரில் 274 கொலைகள் நடந்தன. படை வருவதற்கு முன்பே, 2024-இல், அது 187 ஆகக் குறைந்திருந்தது. மேற்கு வர்ஜீனியா, ஒஹையோ, தென் கரோலினா போன்ற மாநிலங்களிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். மெட்ரோ நிலைய வாசல்களில் நின்றார்கள். பூங்காக்களில் குப்பை பொறுக்கினார்கள். நவம்பர் 26-ஆம் தேதி வெள்ளை மாளிகைக்கு அருகே இரண்டு வீரர்கள் சுடப்பட்டார்கள். அதில் இருபது வயதுப் பெண் ஒருவர் மறுநாள் இறந்தார். வேலையும் வீடும் வேறு மாநிலத்தில் இருந்த அந்தப் பெண்ணை அந்தத் தெருமுனையில் நிறுத்தியது எதற்காக என்று கேட்க அவருடைய பெற்றோருக்கு உரிமை உண்டு. நமக்கும் உண்டு.

வெள்ளம், புயல், தீ வந்தால் இருப்புப் படை வரட்டும். போலீஸே நிலைகுலைந்து நிற்கும் ஊரில், ஊரார் கேட்டால், குறிப்பிட்ட நாளுக்கு, குறிப்பிட்ட தெருவுக்குக் காவல் நிற்கட்டும். கொலையைக் குறைக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கும் அநியாயம், ஊருக்கும் அநியாயம்.

நியூ ஓர்லியன்ஸுக்கே திரும்புகிறேன். 2022-இல் அங்கே கொலைகள் 260-ஐத் தாண்டின. 2024-இல் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளில் குற்றத்தைக் குறைக்க அங்கே இருப்புப் படை நிற்கவில்லை. 2025 புத்தாண்டு அதிகாலையில் போர்பன் தெருவில் ஒருவன் கூட்டத்துக்குள் வண்டியை ஏற்றி 14 பேரைக் கொன்றான். அதன் பிறகு திருவிழாப் பாதுகாப்புக்கு வீரர்கள் வந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டு முடியும் தறுவாயில், டிசம்பர் கடைசியில், மறுபடி 350 பேர் வந்து இறங்கினார்கள். அதற்கு முன்பே அங்கே கொலைகள் குறைந்திருந்தன.