அறுவை முடிந்த பின் ஒன்பது மாதம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க பிசியோதெரபிஸ்ட். ஏதாவது உபயோகமா பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் இந்தக் கல்லூரியில் கபடி ஆடியவள் அல்ல. மைதானத்து ஓரம் நின்று தொண்டை வறளக் கத்தியவள். ஆனால் இன்று என் அறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஆடுகளத்திலிருந்து வருகிறவர்கள்தான். அதிலும் முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோலோடு வருகிற பிள்ளைகள் அதிகம். அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நாம் பொதுவாக ஜவ்வு என்று சொல்வதில் முக்கியமானது ஏ.சி.எல். என்னும் தசைநார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கிறது. நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான். கீழ்க்கால் முன்னே நழுவாமலும், சட்டென்று திரும்பும்போது முட்டி பிசகாமலும் காப்பது இதன் வேலை. பல நேரம் யாரும் மோதாமலேயே இது அறுந்துவிடும். ஓடி வந்து திடீரென நிற்கும்போதோ, குதித்துத் தரையிறங்கும்போதோ, கால் மண்ணில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போதோ அறும். "டப்புன்னு சத்தம் கேட்டுச்சு மேடம்" என்பார்கள். சில மணி நேரத்தில் முட்டி பலூன் மாதிரி வீங்கும். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நடக்க முடிகிறது என்பதால், "சரியாயிடுச்சு" என்று மறுபடி ஆட இறங்குவார்கள். முட்டி மீண்டும் நழுவும். அப்போது பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பும் சேர்ந்து கிழியும். ஆகவே சத்தம் கேட்டு முட்டி வீங்கினால் உருவிவிட்டு, கட்டுக் கட்டி, மறந்துவிடாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டுமா? வேண்டாம். சுவீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு உடனே அறுவை, இன்னொரு குழுவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுவின் முட்டி நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து ஆண்டு ஆன பிறகும், பயிற்சியில் தொடங்கிய குழுவில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆபரேஷன் இல்லாமலேயே இருந்தார்கள். ஆனால் கபடி, கால்பந்து, பூப்பந்து என்று திரும்பித் திரும்பி ஆடுகிற ஆட்டத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறவர்களுக்கும், முட்டி அடிக்கடி நழுவுகிறவர்களுக்கும் பெரும்பாலும் அறுவையைத்தான் மருத்துவர்கள் சொல்வார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

அறுவையில் என்ன செய்கிறார்கள்? அறுந்ததைத் தைப்பதில்லை பெரும்பாலும். நம் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதிய ஜவ்வாக வைத்துக் கட்டுகிறார்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் நாற்று நடவு என்று சொல்லிப் புரியவைப்பேன். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுக்கும், துவளும். வேர் பிடித்த பிறகுதான் பச்சை ஏறும். வைத்த ஜவ்வும் அப்படியே. முதலில் அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. மெல்ல மெல்ல இரத்தக் குழாய்கள் புகுந்து, உருமாறி, பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில்தான் வலி குறைந்து, நடை சீராகி, "எனக்கு ஒண்ணுமில்ல" என்ற தைரியம் வரும். தையல் தழும்பு ஆறிவிட்டது என்பதால் உள்ளே இருப்பதும் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்தக் காலத்தில் இந்த ஆபரேஷனுக்குப் பின் வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டு வைத்தார்கள். அமெரிக்காவின் ஷெல்போர்ன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்காமல் முன்னதாகவே காலை நீட்டி மடக்கி நடந்த நோயாளிகள்தான் நன்றாகத் தேறியிருந்தார்கள்! அவரும் சக ஆய்வாளரும் 1990இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு, சீக்கிரம் அசைக்க வேண்டும் என்ற முறை உலகமெங்கும் பரவியது. சீக்கிரம் அசைப்பது வேறு, சீக்கிரம் ஆடப் போவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் இரண்டு வாரத்தில் வேலை மூன்றுதான். வீக்கத்தைக் குறைப்பது, முட்டியை முழுசாக நீட்டுவது, தொடையின் முன்தசையை எழுப்புவது. முட்டி வீங்கினால் அந்தத் தசையின் சுவிட்சை உடம்பே அணைத்துவிடும். எத்தனை பலசாலியாக இருந்தாலும் தொடை இறுகாது. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதை அழுத்தி அழுத்தித் தசையை எழுப்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை. ஐஸை நேராக வைக்காமல் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம்.

இந்த இடத்தில் அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வலியில் படுத்திருப்பதைப் பார்த்துப் பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பீர்கள். வைக்காதீர்கள். முட்டி மடங்கியே பழகிவிடும், பிறகு முழுசாக நீள மறுக்கும், நடை கெடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். கொஞ்சம் வலிக்கும், ஆனால் அந்த வலி நல்லதுக்கு. அதே சமயம், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அதன் பிறகு முட்டியை மடக்கும் அளவைக் கூட்டுவோம். ஓடாத சைக்கிளை மிதிக்க வைப்போம். சுவரில் சாய்ந்து பாதி உட்காரவைப்போம். எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி, "எப்போ சம்மணம் போட்டு உட்காரலாம்?" என்பதுதான். பந்தியில் தரையில் உட்கார முடியவில்லையே என்ற வருத்தம் நம் ஊருக்கே உரியது. அது ஆளுக்கு ஆள் மாறும். அறுவை செய்த மருத்துவர் சொல்லும் நாள்தான் நாள். தசை பலமாக இருந்தால் ஏறத்தாழ மூன்று, நான்கு மாதத்தில் நேர்க்கோட்டில் மெல்ல ஓடலாம். குதிப்பதும் வெட்டித் திரும்புவதும் அதற்கும் பிறகு.

சரி, களத்துக்கு எப்போது? விளையாட்டு வீரர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டி மறுபடி காயப்படும் வீதம் பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 51 சதவீதம், குறைந்திருந்தது. ஆகவே ஒன்பது மாதத்துக்கு முன் போட்டி வேண்டாம். ஒன்பது மாதம் ஆனதாலேயே போய்விடவும் வேண்டாம். சோதனை உண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. நாம் சின்ன வயதில் ஆடிய நொண்டிதான். ஒற்றைக் காலில் தாவி எவ்வளவு தூரம் போகிறாய் என்று டேப் பிடித்து அளப்பேன். நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது ஆபரேஷன் செய்த கால் தாவ வேண்டும். தொடைத் தசையின் பலமும் அதே அளவுக்கு வர வேண்டும். இதோடு மனசும் தயாராக வேண்டும். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுவைக்குப் பின் 81 சதவீதம் பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பழைய தரத்துக்கே திரும்பியவர்கள் 65 சதவீதம் பேர்தான். கால் சரியான பிறகும் பயம் போகாதவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

பெரிய வீரர்களுக்கும் இதே கதைதான். 2022 டிசம்பர் 30ஆம் தேதி கார் விபத்தில் சிக்கிய ரிஷப் பந்த், முட்டித் தசைநார் அறுவைக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் போட்டிக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஜூனில் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஸ்பெயினின் பாட்மிண்டன் வீராங்கனை கரோலினா மரினுக்கு 2019இல் வலது முட்டி, 2021இல் இடது முட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது மறுபடியும் வலது முட்டி. எத்தனை வசதி இருந்தாலும் முட்டி தன் கணக்கைத் தான்தான் போடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். கபடியில் ரெய்டர். அப்பா கொத்தனார். காப்பீட்டிலும் கடனிலும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. முதல் மாதம் ஒழுங்காக வந்தவள், இரண்டாம் மாதம் வரவில்லை. போன் செய்து கேட்டேன். "ஆபரேஷனுக்கு வழி கிடைச்சுது மேடம். பஸ்ஸுக்குத்தான் வழியில்ல. கூட வந்தா அப்பாவுக்கு அன்னிக்குக் கூலியும் போயிடும்" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்து, வாரம் ஒருநாள் போனில் பார்த்து, மாதம் இரண்டு முறை மட்டும் நேரில் வரச் சொன்னேன். விடாமல் செய்தாள்.

ஏழாவது மாதம் ஒரு போட்டி வந்தது. அணியில் கூப்பிட்டார்கள். தாவச் சொல்லி அளந்தேன். நல்ல கால் 140 சென்டிமீட்டர், மற்றது 109. அதாவது 78 சதவீதம். "வேண்டாம்" என்றேன். அவள் அப்பாவுக்குக் கோபம். "இந்தப் போட்டியில ஆடுனாத்தான் கோட்டாவுல வேலை கிடைக்கும்னு சொல்றாங்கம்மா" என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. அவள் இடத்தில் வேறு பெண் ஆடினாள். பத்தரை மாதத்தில் மறுபடி அளந்தேன். 142க்கு 131. 92 சதவீதம். தசைப் பலமும் சரியாக இருந்தது. அதற்கடுத்த பருவம் முழுக்க ஆடினாள். போன வாய்ப்பு போனதுதான்; அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவளுக்கு முட்டி இருக்கிறது. ஐந்தாவது மாதத்திலேயே அவசரப்பட்டு இறங்கி, இரண்டாவது ஆபரேஷனுக்குப் போன பையனையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். மாணவச் செல்வங்களே, ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் முறையான உடற்பயிற்சி செய்யுங்கள். கால்பந்துக்காரர்களுக்கென்று வகுத்த 'ஃபிஃபா 11 பிளஸ்' போன்ற பயிற்சிகள் காயத்தைக் கணிசமாகக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. முக்கியமாகப் பெண் பிள்ளைகள் செய்யுங்கள். இந்தக் காயம் பெண்களுக்கே அதிகம் வருகிறது. உடற்கல்வி ஆசிரியர்களே, காயப்பட்டுத் திரும்பும் பிள்ளையின் பெயரை அணிப் பட்டியலில் எழுதும் முன் அளவைக் கேளுங்கள். ஓராண்டு இடம் போனாலும் அடுத்த ஆண்டு இடம் உண்டு என்று வாக்குக் கொடுங்கள்.

மூன்றாவது, நமக்கு. இந்தச் சங்கம் கட்டடத்துக்கு நிதி தந்திருக்கிறது, கேடயங்கள் தந்திருக்கிறது. நல்லதுதான். இனி அடிபட்ட பிள்ளைக்கு ஒன்பது மாதப் பஸ் கட்டணமும் பிசியோதெரபிச் செலவும் தர ஒரு சிறு நிதி வைப்போம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மூலை, ஒரு ஓடாத சைக்கிள், சில ரப்பர் பட்டைகள், ஒரு டேப். இவ்வளவு போதும். மாதம் ஒரு சனிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன், கட்டணம் வேண்டாம். ஆபரேஷனைச் செய்ய டாக்டர் இருக்கிறார். அதன் பின் வரும் ஒன்பது மாதத்துக்கு யாராவது கூட நிற்க வேண்டும். அது நாமாக இருப்போம்.