தலைநகரத்துக் கத்தோலிக்கப் பள்ளிகள்



ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், கேரளத்துப் பள்ளிகள் திறந்த ஆறாவது வேலை நாளன்று, மாணவர் தலைக்கணக்கு எடுக்கப்படுகிறது. அன்றைய தொகையைக் கொண்டே, அவ்வாண்டு ஒரு பள்ளிக்கு எத்தனை வகுப்புப் பிரிவுகள், எத்தனை ஆசிரியர்கள் என்பது முடிவாகும். தொகை குறைந்தால் ஒரு பிரிவு போகும்; பிரிவு போனால் ஓர் ஆசிரியரின் இடமும் போகும். ஆதலின், விடுமுறை முடிவதற்கு முன்பே ஆசிரியைகள் இருவர் மூவராகச் சேர்ந்து வீடு வீடாகச் சென்று, தங்கள் பள்ளிக்குக் குழந்தைகளை அனுப்புமாறு கேட்டு நிற்பதைத் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நாம் காண்கிறோம். இவர்களுள் பலர் கத்தோலிக்கப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். இதே பள்ளிகளின் வாயிலில் ஒரு காலத்தில் பெற்றோர் சிபாரிசுக் கடிதங்களுடன் காத்து நின்றனர். இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகிறோம்.

பழைய பெருமையை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். பாளையம் தேவாலயத்தை அடுத்துள்ள புனித சூசையப்பர் பள்ளி 1857-இல் தோன்றியது. பெண்களுக்கான ஹோலி ஏஞ்சல்ஸ் கன்னிமாடப் பள்ளி 1880-இல் தொடங்கியது. திருவிதாங்கூரின் வட பகுதியிலும் கொச்சியிலும் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகள், தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென்று 1864-இல் பணித்ததும் அக்காலத்ததே. மார் இவானியோஸ் பேராயர் 1940-இல் பட்டம் பகுதியில் புனித மரியன்னை பள்ளியை நிறுவினார். இயேசு சபையார் 1961-இல் ஸ்ரீகாரியத்தில் லயோலா பள்ளியைத் திறந்தனர்.

இப்பள்ளிகள் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியவையாக இருந்ததில்லை. ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளியில் பயின்ற மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார் மெட்ரிக்குலேஷன் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆயினும், பெண் என்னும் காரணத்தால் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் அவருக்கு மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று 1909-இல் பட்டம் பெற்ற அவர், பின்னர் லண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவியில் அமர்ந்தார். கல்லூரி மூடிய கதவை நோக்கி ஒரு பெண்ணை நடக்கச் செய்த துணிவு, கன்னியர் நடத்திய ஒரு பள்ளியில் கிடைத்தது. பள்ளியின் கீர்த்தி என்று நாம் சொல்வது இதைத்தான், கட்டடத்தை அன்று.

இப்பள்ளிகளுக்காக மக்கள் எவ்வளவு கொடுத்தனர் என்பதையும் மறத்தலாகாது. 1957-இல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொணர்ந்த மசோதா, உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் நியமனத்தையும் நிர்வாகத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றது. கத்தோலிக்க சபையும் நாயர் சமூகத்தின் அமைப்பும் அதை எதிர்த்தன. இந்த எதிர்ப்பு 'விமோசன சமரம்' என்னும் பெருங்கிளர்ச்சியாக முற்றி, 1959 ஜூலை 31-ஆம் நாள் அமைச்சரவையே கலைக்கப்பட்டது. அதே ஜூலை மாதத்தில், இந்நகரின் கடற்கரையில் உள்ள செரியதுறையில் போலீசார் சுட்டனர். மாண்டோருள் ஒருத்தி ப்ளோரி என்னும் மீனவப் பெண், கருவுற்றிருந்தவள். கிளர்ச்சியின் நியாய அநியாயங்களைப் பற்றி இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு. ஆனால் அக்கிளர்ச்சிக்கு உயிர்விலை கொடுத்தவர்களுள் கடற்கரை ஏழைகளும் இருந்தனர் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம். மீண்டும் இதற்கு வருவோம்.

இனி, மாணவர் தொகை ஏன் குறைகிறது? முதற் காரணம் எளியது; எவர்மீதும் குற்றம் சாராதது. குழந்தைகளே குறைந்துவிட்டனர். 2011-இல் கேரளத்தில் ஏறத்தாழ 5.6 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. 2021-இல் பிறந்தவை ஏறத்தாழ 4.2 இலட்சமே. பத்தாண்டுகளில் நான்கில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. 2021-இல் பிறந்த குழந்தை 2033-ஆம் ஆண்டையொட்டித்தான் எட்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும். ஆகவே உயர்நிலைப் பள்ளிகள் இன்று காணும் குறைவு தொடக்கமே.

ஆயினும், பிறப்புக் குறைவு எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கென்று தனியே நேர்ந்தது என்ன என்பதே கேள்வி.

அந்நாளில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வெளிவரும் நாள் ஒரு திருவிழா. மாநிலத்தில் முதல் ராங்க், இரண்டாம் ராங்க் என்று பத்திரிகைகள் மாணவர்களின் படங்களை அச்சிடும். படத்தின் கீழ்ப் பள்ளியின் பெயர் நிற்கும். பாதியைச் சற்றுக் கடந்தோரே தேறிய ஆண்டுகளும் அக்காலத்தில் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு பேரைத் தேறச் செய்த கன்னிமாடப் பள்ளி நகர் முழுவதும் பேசப்பட்டது. 2005-இல் மதிப்பெண்களுக்குப் பதிலாகக் 'கிரேடு' முறை வந்தது. 2023-இல் தேர்ச்சி நூற்றுக்கு 99.70. எல்லாரும் தேறும் தேர்வில் எந்தப் பள்ளி சிறந்தது என்று பெற்றோர் எவ்வாறு அறிவர்? பழைய அளவுகோல் முறிந்தது. புதிய அளவுகோல் ஒன்றைப் பெற்றோர் தாமே தேடிக்கொண்டனர். அதுதான் சி.பி.எஸ்.இ. என்னும் நான்கெழுத்து. ஆங்கிலப் பேச்சு, கழுத்துப் பட்டி, வீட்டு வாயிலில் வந்து நிற்கும் பேருந்து ஆகிய மூன்றும் அதனோடு சேர்ந்து வந்தன. படிப்பின் தரத்தைப் பேருந்தின் நிறத்தால் அளக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை, ஏனெனில் வேறு அளவுகோலை நாம் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

இங்கே மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளுள் பெயர் பெற்றவை பலவற்றை நடத்துவோர் யார்? மறைமாவட்டங்களும் துறவற சபைகளுமே. ஒரே சபையின் பொறுப்பில் சம்பளம் வாங்காத பழைய பள்ளி ஒன்றும், சம்பளம் வாங்கும் புதிய பள்ளி ஒன்றும் இருக்கின்றன. பழைய பள்ளியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுக்கிறது. ஆசிரியரை நியமிக்கும் உரிமை மானேஜரிடம் உள்ளது. புதிய பள்ளியில் எல்லாம் பெற்றோர் கொடுக்கும் பணத்தால் நடக்கிறது. முதல்வராகத் திறமை மிக்க குருவானவர் ஒருவர் கிடைத்தால் அவர் எங்கே அனுப்பப்படுகிறார்? புதிய விஞ்ஞானக் கூடம் எங்கே எழுகிறது? மறுமொழியை நேயர்களே அறிவர். பழைய பள்ளியின் மாணவர்களை ஈர்த்துக்கொண்டது அயலார் பள்ளி மட்டும் அன்று. சொந்தத் தம்பியும் அண்ணன் இலையிலிருந்து எடுத்துண்டான். 1959-இல் பள்ளி உரிமைக்காகக் கொடி பிடித்தவர்களின் பேரக் குழந்தைகள், எந்தப் பள்ளிகளுக்காகக் கிளர்ச்சி நடந்ததோ அந்தப் பள்ளிகளில் இன்று படிப்பதில்லை.

அமெரிக்க நாட்டிலும் கத்தோலிக்கப் பள்ளிகள் தேய்ந்தன. 1960-களின் நடுவில் அங்கே அவற்றில் 52 இலட்சம் பேர் பயின்றனர். இன்று ஏறத்தாழ 17 இலட்சம் பேரே. ஊதியமின்றிக் கற்பித்த கன்னியர் குறைந்தனர், அவர்களுக்குப் பதிலாக வந்தோர்க்குச் சம்பளம் தரவேண்டியதாயிற்று, கட்டணம் உயர்ந்தது, ஏழைகள் வெளியேறினர். நம் நாட்டு நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே பழைய பள்ளியை விட்டு முதலில் வெளியேறியவர்கள் வசதியுள்ளோர். எஞ்சியிருப்போர் ஏழைகள்.

இதற்கிடையில் அரசுப் பள்ளிகளும் சோம்பி இருக்கவில்லை. 2017-இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் அவற்றுக்குப் புதுக் கட்டடங்களையும் கருவிகளையும் தந்தது. நகரின் காட்டன்ஹில் அரசுப் பெண்கள் பள்ளியில் ஆயிரக்கணக்கான பெண்கள் பயில்கின்றனர். கணினித் திரைகள் உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தன. ஆனால் ஒழுகும் கூரைக்கும் உடைந்த கழிப்பிடத்துக்கும் மானேஜர்தான் பொறுப்பு. சில இடங்களில் அவ்வேலை நடக்கவே இல்லை.

நியமனத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் விடலாகாது. ஆசிரியர் இடத்துக்குப் பெருந்தொகை நன்கொடையாகப் பெறும் வழக்கம் கேரளத்து உதவி பெறும் பள்ளிகளில் பல சமூகத்தாரிடையிலும் உண்டு என்பது நெடுங்காலமாகப் பேசப்படும் பேச்சு. எல்லா மானேஜர்களும் அவ்வாறு நடப்பதில்லை. நடக்கும் இடத்தில், நன்றாகக் கற்பிக்கக் கூடியவர் வெளியே நிற்க, பணம் திரட்ட வல்லவர் உள்ளே நுழைகிறார். பள்ளியின் பெயர் கெடுவதற்கு இதைவிட நேரான வழி வேறு இல்லை. நியமன உரிமைக்காக அவ்வளவு பெரிய போராட்டம் நடத்தியவர்கள், அவ்வுரிமையை எவ்வாறு கையாண்டோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது கடற்கரைக்கு வருவோம். வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் ஆகிய ஊர்களில் கடல் அரித்து வீடிழந்தோர் பலர். வலியதுறையில் ஒரு சிமெண்டுக் கிடங்கில் திரைச்சீலை கட்டி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் புத்தகம் விரிக்க இடம் ஏது? தந்தை கட்டுமரத்தில் போவார். தாய் மீன் கூடை சுமப்பாள். இப்பிள்ளைக்குச் சம்பளப் பள்ளி எட்டாது. வீட்டருகே உள்ள உதவி பெறும் பள்ளியே கதி. அங்கே பிரிவுகள் குறைந்து, கணக்காசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டுப் போனால், அப்பிள்ளையின் மேற்படிப்பு அத்துடன் நின்றுபோகக் கூடும். பள்ளியின் கீர்த்தி குறைந்தது என்று நகரத்தார் சொல்லும்போது, அங்கே பயிலும் குழந்தைகள் யார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வசதியுள்ளோர் பிள்ளைகளை வடிகட்டி எடுத்துக்கொண்டு தேர்வில் மின்னுதல் பெரிய வித்தை அன்று.

நிலைமை திருந்தாது என்று நாம் கருதவில்லை. பட்டம் புனித மரியன்னை பள்ளி மாநிலப் பாடத்திட்டத்தையே கற்பித்து, ஒரு காலத்தில் 10,000-க்கு மேற்பட்ட மாணவர்களைப் பெற்றிருந்தது. பாடத்திட்டத்தின் பெயர் ஒன்றினாலேயே ஒரு பள்ளி வாழ்வதுமில்லை, வீழ்வதுமில்லை என்பதற்கு அது சான்று. நியமனத்தைப் பணமின்றி, வெளிப்படையான தேர்வு வைத்துச் செய்யலாம். சம்பளப் பள்ளியின் விஞ்ஞானக் கூடத்தையும் நூலகத்தையும் சனிக்கிழமைகளில் பழைய பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். இரண்டும் ஒரே சபையுடையன ஆதலின் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கடற்கரைத் தேவாலயங்களின் மண்டபங்களில் மாலை ஆறு முதல் ஒன்பது வரை விளக்கேற்றி, ஓர் ஆசிரியரை அமர்த்திப் படிக்க இடம் தரலாம். இவற்றுக்குச் செலவு மிகுதியன்று. திறமை மிக்க முதல்வர்களைப் பழைய பள்ளிகளுக்கே அனுப்புவதற்கோ செலவே இல்லை. அதற்கு வேண்டியது ஆயரின் கையெழுத்து ஒன்றே. அடுத்த ஆண்டு மாற்றல் பட்டியல் எழுதப்படும் வேளையில் இது நினைக்கப்படுமாயின், ஜூன் மாதத்து ஆறாம் நாளில் அதன் பயனை எண்ணிப் பார்க்கலாம்.