ஐந்து வீட்டார் கூடினால்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



1983 சூலைக் கலவரத்திற்குப் பின் இலங்கைத் தமிழர் கடல் கடந்து இராமேசுவரம் வந்திறங்கினர். 1987க்குள் அவர்தம் தொகை 1,30,000ஐத் தாண்டியது. அரசு முகாம்கள் அமைத்தது. அரிசியும் உதவித்தொகையும் தந்தது. வெளியே தங்க விரும்பியோர் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாடகைக்கு வீடு தேடினர். அங்கேதான் நம் நாட்டு வழக்கம் குறுக்கே நின்றது. "தமிழர்தானே" என்று பரிவோடு பேசியவர்களே, அடுத்து "நீங்கள் என்ன ஆட்கள்?" என்றனர்.

வந்தவருள் பலர் மலையகத் தோட்டத் தொழிலாளர் வழியினர். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்தத் தஞ்சை, திருச்சி, சேலம் சீமைகளினின்று தோட்டங்களுக்குச் சென்றோருள் நம்மவர் ஏராளம். ஆகவே, நம் சேரியினின்று போனவர்களின் பேரப்பிள்ளைகளே திரும்பி வந்தனர் எனலாம்.

1985ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு மாணவன். அத்தகைய குடும்பம் ஒன்று நகரில் இடம் கிடைக்காமல் எங்கள் தெருவிற்கு வந்தது. என் தந்தையார் பண்ணையாள். எங்களுடையது ஒற்றையறைக் கூரை வீடு. அறுவடைக் கூலிநெல் தீர்ந்து, மேட்டூர் அணையும் திறவாத வைகாசி மாதம். தாயார் முணுமுணுத்தார், மறைப்பானேன்? அன்றிரவே தெருக்கூட்டம் கூடிற்று. எங்கள் மாட்டுக்கொட்டகையை மெழுகி, கீற்றால் மறைப்புக் கட்டினோம். விறகு ஒரு வீட்டார் பொறுப்பு. படியரிசி முறைவைத்து நான்கு வீட்டார் பொறுப்பு. அவர்களுடைய மூத்த மகனும் நானும் ஒரே மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம். எனக்குக் கணக்கு வந்தது அவனால்தான்.

கனடாவில் இதற்குச் சட்டமே உண்டு. ஐவர் கூடி ஓர் அகதிக் குடும்பத்தின் முதலாண்டுப் பொறுப்பை ஏற்க அது வழிவகுத்தது. 1979, 1980ஆம் ஆண்டுகளில் அங்கே சென்ற வியத்நாம், கம்போடிய, இலாவோசு மக்கள் 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரை இவ்வாறு பொதுமக்களே ஏற்றனர்.

2021இல் நம் அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என மாற்றியது. எனினும் அங்கே பிறந்த பலருக்கு இன்றும் குடியுரிமை இல்லை. கல்லூரியில் இடம் பெற்றும் தங்க வீடின்றித் தயங்கிய முகாம் மாணவர் சிலர் என்னிடம் வந்ததுண்டு. மாணவர் ஒருவருக்கு ஐந்து வீட்டார் என்று நாம் ஏற்போம். ஒருவர் இடம் தரட்டும். ஏனையோர் உணவையும் பேருந்துக் கட்டணத்தையும் பகிரட்டும். முகாம் அலுவலரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுவது சங்கத்தின் கடமை.

என் வீட்டு மாடியறை வரும் சூன் முதல் காலியாக உள்ளது. இன்னும் நான்கு வீட்டார் தம் பெயரை, இன்று உணவுக்குச் செல்லுமுன் செயலாளரிடம் தருமாறு வேண்டுகிறேன்.